எட்டு மணி மாத்திரை

நீ உன் அம்மாவைத் திட்டியது பன்னிரண்டு கட்டில் போட்ட பொது வார்டில். அதனால் நானும் உனக்குப் பொதுவிலேயே எழுதுகிறேன். நம் சமணச் சமுதாயத்து மாத இதழில், கல்யாணச் செய்திகளுக்கும் இரங்கல் செய்திகளுக்கும் நடுவில் இதற்கு இடம் கேட்டேன். ஆசிரியர் என்னோடு படித்தவர். தலையில் அடித்துக்கொண்டேதான் சம்மதித்தார். நீ அந்த இதழைப் பிரித்துப் பார்ப்பதே இல்லை என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. உறவுக்காரர்கள் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர் இருக்கிறார்கள் அல்லவா, அதே நாற்பது பேர்.

அந்தக் குழுவில் நீ போட்ட செய்தியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இன்னும் மூன்று வாரத்தில் நீ ஜெர்மனிக்குப் போகிறாய். போவதற்குள் அப்பாவை நர்ஸ் வசதி உள்ள முதியோர் குடியிருப்பு ஒன்றில் சேர்த்துவிடப் போகிறாயாம், ஏனென்றால் மருந்து விஷயத்தில் அம்மாவை நம்ப முடியாதாம், அவள் அலட்சியத்தால்தான் அப்பா இரண்டாவது முறை ஆஸ்பத்திரிக்குப் போனாராம். இதைப் படித்துவிட்டு உன் சித்தப்பா ஒரு கும்பிடு படம் போட்டார். உன் அத்தை, 'பாவம் அண்ணன்' என்று எழுதினாள். உன் அம்மாவுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். அவள் அதை முழுதாகப் படித்து முடிக்கிற வரைக்கும் நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு உலையில் அரிசி போடப் போனாள். எனக்கு இந்த வயதில் இத்தனை ஆத்திரம் வரும் என்று நினைக்கவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் உனக்கு வசதியான இடத்திலிருந்து மட்டும் நீ ஆரம்பிக்கிறாய். அன்றைக்குக் காலை பிள்ளையார்பாளையத்துக் கடையில் ஒரு நெசவாளிக்குப் பட்டுநூல் நிறுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், முதுகுக்குள் யாரோ துணியைக் கிழிப்பதுபோல ஒரு வலி. தராசைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். வாசலில் நின்ற ஆட்டோக்கார அருள்தான் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். திருப்பருத்திக்குன்றத்தில் நம் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறானே, அதே அருள். ஸ்கேன் எடுத்துவிட்டு, இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக் குழாயின் உள்சுவர் கிழிந்திருக்கிறது, உடனே சென்னைக்குக் கொண்டு போங்கள், ஒவ்வொரு நிமிஷமும் ஆபத்து என்றார்கள். ஏழு மணி நேரம் அறுத்தார்கள். கிழிந்த பகுதியை எடுத்துவிட்டு பாலியெஸ்டர் நூலில் நெய்த குழாயை வைத்துத் தைத்தார்களாம். நாற்பது வருஷமாக, கலப்படம் இல்லாத பட்டு என்று சொல்லி வியாபாரம் பண்ணியவன் நெஞ்சுக்குள் பாலியெஸ்டர். சிரிக்க முடியாத நிலையிலும் எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. நீ பெங்களூரிலிருந்து பறந்து வந்தாய். ஓடினாய், ரத்தம் ஏற்பாடு பண்ணினாய், இரண்டு நாள் தூங்கவில்லை. அதை நான் மறுக்கவில்லை, யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

இரண்டாவது வாரம் காய்ச்சல் வந்தது. படுத்தால் நெஞ்சு வலிக்கும், எழுந்து முன்பக்கம் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். கிருமி இருக்கிறதா என்று ரத்தத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள், இல்லை. பிறகு டாக்டர் வந்து சொன்னார். இதயத்தைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது, அறுவைக்குப் பிறகு சிலருக்கு அந்த உறை புண்பட்டு வீங்கும், உடம்பு தன் கோபத்தைத் தன்மேலேயே காட்டுகிறது, கவனிக்காவிட்டால் உறைக்குள் நீர் சேர்ந்து இதயத்தை அமுக்கிவிடும் என்றார். அதற்கு இரண்டு மருந்து. ஒன்று ஸ்டீராய்டு, காலையில் மட்டும், வாரா வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்த வேண்டும், சட்டென்று நிறுத்தக்கூடாது. இன்னொன்று கோல்ச்சிசின் என்று ஒரு சின்ன மாத்திரை, காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று மாதம். ஸ்டீராய்டு குறையக் குறைய வீக்கம் திரும்பாமல் பிடித்து வைப்பது இந்தச் சின்ன மாத்திரைதான், இதில் மட்டும் தவறு வரக்கூடாது என்று விரலை நீட்டிச் சொன்னார். நான், நீ, உன் அம்மா மூன்று பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று அந்த மலையாளத்து நர்ஸ் சீட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விளக்கினாள். உன் ஒரு காதில் போன் இருந்தது. அவள் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள், வீட்டில் இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று. நான் வாயைத் திறப்பதற்குள் நீ பதில் சொன்னாய்.

"எட்டு மணி சிஸ்டர். எல்லார் வீட்லயும் மாதிரிதான்."

அவள் சீட்டில் எட்டு என்று எழுதினாள். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ என் பக்கம் திரும்பவில்லை. பொழுது சாய்ந்த பிறகு நம் வீட்டில் அடுப்பு எரிவதில்லை, தண்ணீர் தவிர வாயில் எதுவும் வைப்பதில்லை என்பது அந்த வீட்டில் பதினெட்டு வருஷம் வளர்ந்த உனக்குத் தெரியாதா? என் அப்பாவும் அவர் அப்பாவும் அப்படித்தான் இருந்தார்கள். பட்டினி கிடக்கச் சொல்லவில்லை, ஐந்தரைக்குள் சாப்பிட்டு முடி என்பதுதான். அதை ஒரு நர்ஸிடம் சொல்ல உனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உயிர் போகிற விஷயத்தில்கூட, நாங்கள் இப்படிப்பட்ட குடும்பம் என்று சொல்ல உனக்கு நாக்கு கூசியது. கட்டிலில் கிடந்தவனை நீ அந்த நிமிஷத்தில் வேறு யாரோ ஆக்கிவிட்டாய்.

இனி என் தப்பு. இதைப் படிக்கும்போது உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் படி. நான் அந்த நர்ஸைத் திருத்தியிருக்கலாம். 'அம்மா, அவன் சொல்றது தப்பு, நாங்க அஞ்சரைக்குச் சாப்பிடுறவங்க' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். என் வாயில் கொழுக்கட்டை இல்லை. ஆனால் நான் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றே சொல்லவில்லை. நீயே சொன்ன எட்டு மணிச் சாப்பாட்டை நீயே வந்து போடு, அதுவரைக்கும் நான் அந்த மாத்திரையைத் தொடமாட்டேன் என்று மனதுக்குள் ஒரு வீம்பு ஏறிவிட்டது. எத்தனை நாளில் உனக்கு உறைக்கிறது பார்க்கிறேன் என்று நினைத்தேன். அறுபத்துநாலு வயதில், நெஞ்சைப் பிளந்து தைத்த தையல் ஆறாமல், பெற்ற பிள்ளையிடம் நான் பிடித்த வீம்பு இது.

வீட்டுக்கு வந்த முதல் நாளே உன் அம்மா மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து நீட்டினாள். சாப்பிட்ட பிறகு என்று எழுதியிருக்கிறது, வெறும் வயிற்றில் போட்டால் குடல் வெந்துவிடும் என்றேன். அப்படியானால் ஐந்தரைக்குச் சாப்பிட்டதும் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். பார், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளுக்கு அது தோன்றிவிட்டது. அதற்கும் நான் சப்பைக்கட்டு கட்டினேன். சீட்டில் எட்டு என்று போட்டிருக்கிறது, மருந்தின் நேரத்தை நீ மாற்றினால் டாக்டர் எதற்கு என்றேன். டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்கலாம் என்றாள், கூடாது என்றேன். உன்னிடம் சொல்கிறேன் என்றாள். அப்போதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அவனிடம் நீ சொன்னால் காலை மாத்திரையையும் போடமாட்டேன் என்றேன். அவள் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாளும் நீட்டினாள். அதற்கடுத்த நாளும். ஒரு மாதத்துக்கு மேல், ஒரு நாள் விடாமல் நீட்டினாள். நான் வாங்கி, ஜரிகை சாம்பிள் வைக்கிற தகர டப்பாவில் போட்டு மூடிவிடுவேன். எட்டரைக்கு உன் வீடியோ கால் வரும். நீ என் முகத்தைக் காட்டச் சொல்லமாட்டாய், வலி எப்படி என்று கேட்கமாட்டாய், திரையில் அவள் நெற்றிப்பொட்டு தெரிந்த உடனே, "நைட் டேப்லெட் போட்டாச்சாம்மா?" என்பாய். அவள் ஒரு தடவை என் பக்கம் திரும்புவாள், நான் தலையை ஆட்டுவேன், "போட்டாச்சுப்பா" என்பாள். "ஓகே" என்று வைத்துவிடுவாய். எண்ணிப் பார்த்தால் ஒரு நிமிஷம்கூட இருக்காது. தினமும் ஒரு பொய் சொல்ல வைத்தேன் அவளை. பொய் பேசாமல் வாழ்கிறோம் என்று பெருமை பேசுகிற குடும்பம் வேறு நாம்.

உனக்கு ஏன் அந்த வெட்கம் வந்தது என்று ஆஸ்பத்திரியில் நிறைய யோசித்தேன். பழி முழுவதையும் உன் தலையில் போட்டுவிட எனக்கும் ஆசைதான், முடியவில்லை. நீ ஏழாம் வகுப்பு படிக்கும்போது பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்காரர் பையன் உனக்குச் சிநேகிதன். அவன் பிறந்தநாளுக்குப் போயிருந்தாய். ஆறரை ஆகியும் வரவில்லை என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். தறிக்குப் பக்கத்தில் பாய் போட்டு, ஏழெட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பூரி தின்றுகொண்டிருந்தாய். எல்லார் முன்னாலும் கையைப் பிடித்து இழுத்து, தெருவில் நிறுத்தி அறைந்தேன். வாயில் இருந்ததைத் துப்பச் சொன்னேன். அந்தப் பையனின் அம்மா கரண்டியோடு ஓடிவந்து, "பசிக்குதுன்னு சொல்லுச்சு, நான்தான் போட்டேன் சார், புள்ளைய அடிக்காதீங்க" என்று கெஞ்சினாள். நான் உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் உன்னை 'ஆறு மணி' என்றுதான் கூப்பிட்டார்களாம். பத்தாவது முடிக்கிற வரைக்கும் அந்தப் பேர் ஓடியதாம். பல வருஷம் கழித்து உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அன்றைக்கு ஒழுக்கம் சொல்லிக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லிக் கொடுத்தது கூச்சத்தை. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், நாற்பது பேரும் படிக்கட்டும்.

ஆனால் அந்த அறைக்கும், நீ உன் அம்மாவுக்குச் செய்ததற்கும் கணக்கு நேராகிவிட்டது என்று நினைக்காதே. அடித்தவன் நான். அவள் அன்று இரவு உன் கன்னத்தில் நல்லெண்ணெய் தடவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது வாரம் ஸ்டீராய்டைக் குறைத்தபோது காய்ச்சல் திரும்பியது. இரண்டு நாளில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கால் வீங்கியது. மத்தியானம் கொல்லைக்குப் போனவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மறுபடியும் அருளின் ஆட்டோ, மறுபடியும் ஆம்புலன்ஸ். இதயத்து உறைக்குள் நீர் நிறைந்திருந்தது. நெஞ்சில் ஊசி குத்தி, குழாய் விட்டு, ஒரு சொம்பு அளவுக்கு எடுத்தார்கள். நீ பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்த பிறகு, மாத்திரை ஒழுங்காகப் போனதா என்று டாக்டர் கேட்டார். அருள்தான் மருந்துக்கடைக்குப் போய்வருகிறவன். இரண்டாவது மாதத்துக்கு வாங்கவே சொல்லவில்லையே, பழைய மாத்திரையே பாதி இருக்கிறதாம் என்று அவன் வாய்தவறிச் சொல்லிவிட்டான். இதனால்தான் திரும்பியது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் பாதி மருந்து உள்ளே போகவில்லை என்றால் திரும்ப வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர். அவ்வளவுதான். டாக்டர் அந்தண்டை போனாரோ இல்லையோ, நீ அவள் பக்கம் திரும்பினாய்.

"தினமும் போட்டாச்சு போட்டாச்சுன்னியேம்மா. என்னாத்த போட்ட? உன்ன நம்பி விட்டதுக்கு அப்பாவை நீயே கொன்னுருப்ப."

பன்னிரண்டு கட்டிலும் திரும்பிப் பார்த்தன. பக்கத்துக் கட்டில்காரர் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். உன் அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, என் கட்டில் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று நின்றாள். நான் மூன்றடி தூரத்தில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய்தான் இருந்தது, வாய் சும்மாதான் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீ கத்தியது ஒரு பாவம் என்றால் நான் கண்ணை மூடியது அதைவிடப் பெரிய பாவம்.

நீ போன் பேச வெளியே போனாய். அவள் முகம் கழுவப் போனாள். அருள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். என்னை வாங்க போங்க என்று இருபது வருஷமாக மரியாதையாகப் பேசுகிறவன், அன்றைக்கும் மரியாதையாகத்தான் பேசினான்.

"அம்மா என்கிட்ட ஒரு நாள் அழுதாங்க பெரியவரே, மாத்திரை போடமாட்டேன்றாருன்னு. யாருக்கும் சொல்லாதன்னாங்க, அதான் இப்போ டாக்டர்கிட்டகூட அதைச் சொல்லாம வாய மூடிக்கினு இருந்தேன். நீங்க எதுக்கு மூடிக்கினு இருந்தீங்க?"

அவன் ஃப்ளாஸ்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனான்.

மறுநாள் காலை டாக்டர் தனியாக வந்தபோது உண்மையைச் சொன்னேன். வெட்கத்தை விட்டு, எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, கேலி பேசவும் இல்லை. என்னைவிட இருபது வயது சின்னவர். "அதுக்கென்ன ஐயா? காலையில சாப்பிட்டதும் ஒண்ணு, சாயங்காலம் அஞ்சரைக்குச் சாப்பிட்டதும் ஒண்ணு. எட்டு மணிக்கே போடணும்னு எதுவும் இல்லை. இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?" என்றார். சீட்டில் எட்டை அடித்துவிட்டு ஐந்தரை என்று எழுதினார். பேனாவை எடுத்து மூடி வைக்க எத்தனை நேரம் ஆகுமோ அத்தனை நேரம்தான் ஆனது. நீ வெட்கப்பட்டதும், நான் வீம்பு பிடித்ததும், அவள் கேட்ட ஏச்சும் இதற்காகத்தான்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். ஸ்டீராய்டு மறுபடி முதலிலிருந்து, மெதுவாகக் குறைக்கிறார்கள். சின்ன மாத்திரை இன்னும் ஆறு மாதமாவது வேண்டுமாம். ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஆக, உன் குடியிருப்புக்கு நான் வரப்போவதில்லை, முன்பதிவு செய்திருந்தால் ரத்து செய்துவிடு. என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறாள். பார்த்துக்கொள்ளவிடாமல் செய்தவன் நான்.

போன வாரம் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலேயே கேட்டாள். "நெஜமாவே என் மேலதான் தப்பாங்க? நான் இன்னும் கொஞ்சம் கட்டாயப்படுத்தியிருக்கணுமோ?" எல்லாம் தெரிந்தவள் அவள். டப்பாவில் மாத்திரை விழுகிற சத்தத்தைத் தினமும் கேட்டவள். அவளே இப்படிக் கேட்கிற அளவுக்கு நீயும், உன் நாற்பது பேரும், என் மௌனமும் சேர்ந்து கொண்டுவந்து விட்டுவிட்டோம். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். நேரமும் காரணம் இல்லை, குடலும் காரணம் இல்லை, உன்மேல் இருந்த ஆத்திரத்தில்தான் போடவில்லை என்று. நர்ஸிடம் நீ எட்டு மணி என்று சொன்னதையும் சொன்னேன். அது அவளுக்குத் தெரியாது, அப்போது அவள் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்துவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்பனும் புள்ளையும் ஒருத்தர ஒருத்தர் ஜெயிக்கிறதுக்கு நான்தான் கெடைச்சேனா?"

அன்றிலிருந்து என்னோடு அவள் அதிகம் பேசுவதில்லை. சாப்பாடு வருகிறது, மாத்திரை வருகிறது, பேச்சு வருவதில்லை. எனக்கு அது வேண்டும்தான்.

உனக்கு நான் புத்தி சொல்லப்போவதில்லை. உன் ஜெர்மனிக்குப் போ, எந்த மணிக்கு வேண்டுமானாலும் சாப்பிடு, அதை இனி நான் கேட்கமாட்டேன். ஆனால் யாராவது கேட்டால், உள்ளதைச் சொல். விமானம் ஏறுவதற்குள் இங்கே வா. வந்து அவள் முன்னால் நின்று, நான் எட்டு மணி என்று பொய் சொன்னேன், பிறகு உன்னைத் திட்டினேன், இரண்டும் என் தப்பு என்று சொல். வாட்ஸ்அப்பில் வேண்டாம், நேரில் வேண்டும். நான் குழுவில் என் பங்கை நேற்றே எழுதிவிட்டேன், பார்த்திருப்பாய். நீ படித்ததற்கான நீலக் கோடு விழுந்திருக்கிறது, பதில்தான் இல்லை.

இந்தக் கடிதத்தை இதழுக்கு அனுப்புமுன் அவளிடம் கொடுத்தேன். இது அவளைப் பற்றியது, அவள் சம்மதித்தால்தான் போகும் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்கப் படித்தாள். கடைசியில் நான் ஒரு வரி எழுதியிருந்தேன், வந்து மன்னிப்புக் கேட்காவிட்டால் என் சாவுக்கும் வராதே என்று. அதை மட்டும் பேனாவால் அழுத்தி அடித்துவிட்டாள். அடித்த வரிக்குக் கீழே தன் கோணல் எழுத்தில் ஒன்று எழுதி, மடித்து, என் கையில் கொடுத்தாள். அதை நான் மாற்றவில்லை. அப்படியே அச்சில் போடச் சொல்லியிருக்கிறேன்.

'நான் தினமும் எடுத்துக் குடுத்தேம்பா.'